எங்கள் வீட்டு வழியாக வந்துபோகிறவனுக்கு

மகனே,

இதை எழுத உட்காரும்போது வாசல் நடையில் இருக்கும் இணையப் பெட்டியில் அந்தச் சின்ன வெளிச்சம் எரிகிறது. நீ வந்திருக்கிறாய். உன் உடம்பு மன்னாரில், கடற்காற்றில் கதவு அடித்துக்கொள்ளும் வாடகை வீட்டில் இருக்கிறது. ஆனாலும் நீ பார்க்கும் படம் ஸ்டுட்கார்ட்டில், எங்கள் சப்பாத்துத் தட்டுக்கு மேலே இருக்கும் இந்தப் பெட்டியின் வழியாகத்தான் உன்னிடம் வருகிறது. நீ இந்த மாடிவீட்டில், எங்கள் சோபாவில் கால் நீட்டிக்கொண்டு இருப்பதாக ஜேர்மன் தொலைக்காட்சிக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் சில நேரம் அப்படித்தான் நினைக்கிறேன். வெளியே மழையும் இல்லாத, வெயிலும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். உன் அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டார். உன் கலியாணம் கிட்ட வந்துவிட்டது. அங்கே வந்து இறங்கினால் சனத்துக்கு நடுவில் உன்னைத் தனியாகப் பிடிக்க எனக்கு முடியாது. தொலைபேசியிலோ, நீ ‘சொல்லுங்கோ அம்மா’ என்றவுடன் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வழி முதலில் மறுபக்கமாகத்தான் திறந்தது, நினைவிருக்கிறதா? நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். அப்பா வேலை முடிந்து வந்து, கை கழுவியதும் கழுவாததுமாக ஊர்ச் செய்தி பார்க்க உட்காருவார். ஒருநாள் அந்தத் தொலைக்காட்சி வெளிநாட்டுக்காரர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. கறுப்புத் திரையில் ஒரு வரி மட்டும் வந்தது: இந்த ஒளிபரப்பை உங்கள் நாட்டில் பார்க்க முடியாது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கட நாட்டில பாக்க ஏலாதாம். அப்ப இவங்கள் எந்த நாட்டைச் சொல்லுறாங்கள்?” என்று என்னைக் கேட்டார். நீதான் உன் அறையிலிருந்து வந்து, விபிஎன் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் நாம் இருக்கும் இடத்தை மாற்றிக் காட்டலாம் என்றாய். கொஞ்ச நேரம் எதையோ தட்டினாய். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, “இப்ப நீங்கள் கொழும்பில இருக்கிறீங்கள் அப்பா” என்றாய்.

“விசா இல்லாமலோ?” என்று அப்பா கேட்டார். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் இந்த நாட்டுக்கு வந்தது எத்தனையோ எல்லைகளை ஒளித்துக் கடந்து. லொறிக்குள்ளே சாமான்களுக்கு நடுவில் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தவர். அந்தத் தூரம் முழுவதையும் நீ சோபாவில் இருந்தபடி ஒரு விரலால் திருப்பி அனுப்பிவிட்டாய். அப்பா அன்று செய்தி முடிந்த பிறகும் எழும்பவில்லை. மரண அறிவித்தல், வானிலை, எந்தெந்த ஊரில் நாளைக்கு மின்சாரம் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வரைக்கும் பார்த்தார். பிறகு சமையலறைக்கு வந்து, “நாளைக்கு எங்கட பக்கம் கரண்ட் இல்லையாம்” என்று எனக்குக் கவலையோடு சொன்னார். எங்கள் அடுப்பு அப்போது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. நானும், “அப்ப வேளைக்கே சமைச்சு வைப்பம்” என்று சொன்னேன். அந்த விபிஎன் இடையிடையே அறுந்துபோகும். அப்போதெல்லாம் அவர், “என்னைத் திருப்பி அனுப்பிப் போட்டாங்கள்” என்று உன்னைக் கூப்பிடுவார்.

அதனால்தான், காற்றாலை போடும் கொம்பனி உன்னை மன்னாருக்கு அனுப்பப் போகிறது என்று நீ வந்து சொன்ன நாளில் அவருடைய முகம் அப்படி மலர்ந்தது. எங்கள் யாழ்ப்பாணம் அங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம். “என்ர மகன் ஊருக்குப் போறான்” என்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் சொன்னார். பிராங்பேர்ட் விமான நிலையத்துக்கு ரயிலில் போகும்போது முழு வழியும் உனக்கு ஊர்க் கதைதான். நீ தலையாட்டிக்கொண்டே வந்தாய். ஆனால் கண் முழுக்க ஜன்னலில்தான் இருந்தது. வயல்கள் போயின, சின்ன ஸ்டேஷன்கள் போயின, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கேட் திறக்கக் காத்திருந்த ஒரு பெண்பிள்ளை போனாள். நீ அதையெல்லாம் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. நான் பலாலியில் விமானம் ஏறுவதற்கு வழியில்லாத காலத்தில், கொழும்புக்குப் போன பஸ்ஸில் இருந்துகொண்டு அப்படித்தான் பார்த்தேன். உன் கையில் இருந்த வெற்றுக் கோப்பிக் கோப்பையை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன்.

போய் ஒரு மாதம் இருக்கும். ஒரு பின்னேரம் அழைத்தாய். சாப்பாடு நல்லம், வேலை நல்லம், வெயில்தான் தாங்க ஏலாது என்றெல்லாம் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, “அம்மா, இங்க எங்கட ரீவி பாக்க ஏலாமக் கிடக்கு” என்றாய். அப்பா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். உடனே தொலைபேசியை வாங்கினார்.

“ஏன் ஏலாது? அங்க எல்லா வீட்டிலயும் எங்கட ரீவிதானே ஓடும்.”

“அதில்லை அப்பா. எங்கட ரீவி.”

“அதைத்தானே நானும் சொல்லுறன்.”

“இல்லையப்பா. ஞாயிற்றுக்கிழமை துப்பறியிற நாடகம், எட்டு மணிச் செய்தி, எங்கட ஸ்டுட்கார்ட் மட்ச். இந்த நாட்டில பாக்க ஏலாது எண்டு வருது.”

அப்பா தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றார். எனக்கு அந்த நேரம் என்ன நடந்தது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். எனக்குள்ளே ஒரு கதவு மெல்லத் திறந்த மாதிரி, நெஞ்சில் ஒரு குளிர்ந்த காற்று வந்தது. என் பிள்ளைக்கு ஒரு ஊர் இருக்கிறது. அதை விட்டுப் போனால் தேடுகிற அளவுக்கு அது அவனுடையதாக இருக்கிறது என்று நினைத்தேன். நீ கைக்குழந்தையாக இருந்த நாட்களில் உனக்காக நான் ஆசைப்பட்டது அதைத்தான். அப்பாவுக்கு அது வேறு விதமாக விழுந்தது. ஆனாலும் அவர் கோபப்படவில்லை. கடைசியில், “சரி, நான் என்ன செய்ய வேணும் எண்டு சொல்லு” என்றார்.

பிறகு நீ அங்கிருந்து சொல்லச் சொல்ல, அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக இந்தப் பெட்டியைத் திறந்து ஏதேதோ மாற்றினார். காசுக்கு வாங்கும் விபிஎன்னை ஜேர்மன் தொலைக்காட்சி கண்டுபிடித்து மறித்துவிடுகிறது, எங்கள் சொந்த வீட்டு வழியாக வந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்றாய். எல்லாம் முடிந்ததும், பெட்டியில் இதுவரை எரியாத ஒரு வெளிச்சம் எரிந்தது. “அது எரிஞ்சா நான் உள்ள நிக்கிறன் எண்டு அர்த்தம்” என்றாய். உன் லப்டொப்பைத் திறந்தால் அது தானாகவே எங்கள் வீட்டைத் தேடி வந்து சேரும்படி வைத்திருப்பதாகவும் சொன்னாய்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. நான் வேலை செய்யும் பேக்கரியிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது முதலில் அந்த வெளிச்சத்தைத்தான் பார்ப்பேன். எரிந்தால், கதவுத் திறப்பைச் சத்தமில்லாமல் தட்டில் வைப்பேன். நீ அறைக்குள்ளே படித்துக்கொண்டிருந்தால் எப்படி நடப்பேனோ அப்படி நடப்பேன். அப்பா வாசல் நடையைப் போய்ப் பார்த்துவந்து, “தம்பி வந்திட்டான்” என்று உன்னைச் சொல்லுவார். சில நேரம் நாங்கள் இருவரும் அங்கேயே நின்றுவிடுவோம். உன் படமெல்லாம் இந்த நடையைக் கடந்து, சுவருக்குள் இருக்கும் கம்பியில் ஏறி, கடலுக்கு அடியில் ஓடி உன்னிடம் போகிறது என்று நீ ஒருமுறை விளங்கப்படுத்தினாய். எனக்கு அது முழுதாக விளங்கவில்லை. ஆனால் கண்ணை மூடினால், மீன்கள் நீந்துகிற இருட்டுத் தண்ணீரில் எங்கள் வரவேற்பறை வெளிச்சம் போய்க்கொண்டிருப்பது தெரியும். அதே நேரம் அப்பா அடுத்த அறையில் விபிஎன் போட்டு ஊர்ச் செய்தி பார்ப்பார். நீ அங்கிருந்து இங்கே வர, அவர் இங்கிருந்து அங்கே போக, நான் இரண்டு பேருக்கும் நடுவில் துணி மடித்துக்கொண்டிருப்பேன்.

அப்பாவின் மனதில் வேறொரு கணக்கும் இருந்தது. நீ அங்கே ஊன்றிவிட்டால் நாங்களும் இங்கே எல்லாவற்றையும் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்பது. ஒரு சனிக்கிழமை, திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் மலை ஏறும் படிகளில் மூச்சு வாங்க நின்றபோது அதைச் சொன்னார். கீழே நெக்கார் ஆறு தகடு மாதிரிக் கிடந்தது.

“நான் வரமாட்டன்” என்றேன்.

அவர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார். “உமக்கு இங்க என்ன இருக்கு?” என்று கேட்டார்.

“விடிய பாண் வாங்க வாற சனம் இருக்கு. நான் ஒருநாள் போகாட்டி அடுத்த நாள் ஏன் வரேல்லை எண்டு கேக்குங்கள். என்ர டொச்சுப் பேச்சைக் கேட்டு நீ பக்கா ஸ்டுட்கார்ட்காரி எண்டு சிரிக்குங்கள். அங்க என்னை ஆர் அப்பிடிக் கேக்கப் போயினம்? எனக்குத் தெரிஞ்சவை முக்காவாசிப் பேர் கனடாவில.”

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். “அப்ப நான் மட்டும் பாக்கிற நாடு அது” என்று சொன்னார். எனக்கு அவர் கையைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது, பிடித்தேன். மீதிப் படிகளை அப்படியே ஏறினோம்.

பிறகு புயல் வந்தது. நீ அதைப் பற்றி எங்களுக்குக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாய், நாங்களும் எங்கள் பக்கத்தை உனக்குச் சொல்லவில்லை. அப்பாதான் முதலில் பார்த்தார். அவருடைய செய்தியில் மன்னார் வீதி வந்தது. வீதியில் வள்ளம் வந்தது. ஜேர்மன் செய்தியில் ஒரு வார்த்தை இல்லை. உன் தொலைபேசி எடுபடவில்லை. நடையில் வெளிச்சம் எரியவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் முழங்கால் படும் அளவுக்குக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, வெள்ளத்தில் நடக்கும் ஒவ்வொரு மனிதனின் முதுகையும் பார்த்தார். “இவன் உயரமாக்கிடக்கு, இவனில்லை” என்று தனக்குள் சொன்னார். நடுவில் விபிஎன் அறுந்தது. அந்தக் கறுப்புத் திரையும் அந்த ஒரு வரியும் வந்தன. அவர் பகிடி விடவில்லை. தொலைக்காட்சியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “விடடா, என்னை உள்ள விடடா” என்றார். அந்தக் குரலை நான் எங்கள் கலியாண வாழ்க்கையில் அதற்கு முதல் கேட்டதில்லை.

நான் பேக்கரிக்குப் போனேன். வீட்டில் இருந்தால் எனக்கு மூச்சு நின்றுவிடும். பாணை வெட்டினேன், பையில் போட்டேன், நல்ல நாளாக அமையட்டும் என்று எல்லாருக்கும் சொன்னேன். மத்தியானம் திரும்பி வந்து கதவைத் திறந்து, குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றினேன். நிமிர்ந்தபோது அந்த வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

“இஞ்சேருங்கோ” என்று கூப்பிட்டேன். “தம்பி வந்திட்டான்.”

அப்பா வந்தார். நம்பவில்லை. “அங்க கரண்ட் வந்ததில தானா எரியுதோ?” என்று கேட்டார். அவனுடைய லப்டொப்பைத் திறக்காமல் இது எரியாது என்று அவனே சொன்னவன் என்றேன். அவர் சுவரில் முதுகை வைத்து அப்படியே தரையில் இருந்துவிட்டார். நான் ஒரு காலில் சப்பாத்தோடு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். தொலைபேசி அடிக்கவில்லை. அடிக்கும் வரைக்கும் நாங்கள் எழும்பவும் இல்லை. அந்தச் சின்ன வெளிச்சம் எங்கள் இரண்டு பேரின் முகத்திலும் விழுந்துகொண்டிருந்தது. வெளியே பொழுது சாய்ந்து நடை இருண்டது. நான் ஒரு தடவை கண்ணயர்ந்தும் போனேன்; நீ கடலுக்கு அடியால் நடந்து நனையாமல் வந்து, எங்களைத் தாண்டி உன் அறைக்குப் போவதாகக் கனவு கண்டேன்.

பொழுதுபட்ட பிறகுதான், தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து அழைத்தாய். “அம்மா, நான் நித்திரையாப் போனன்” என்றாய். அதைச் சொன்ன விதம், பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப்போன பிள்ளை சொல்கிற மாதிரி இருந்தது. உன் தொலைபேசி வெள்ளத்தில் விழுந்ததையும், சனங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததையும், அங்கே நிவாரணத்துக்கு வந்தவர்களிடம் இணையம் இருந்ததையும், எங்களுக்குத் தகவல் அனுப்ப லப்டொப்பைத் திறந்தவன் ஒரு எழுத்தும் தட்டுவதற்கு முன் வகுப்பு மர வாங்கில் சாய்ந்துவிட்டதையும் அப்போதுதான் சொன்னாய். நீ தூங்கிவிட்டாய். அது எங்களைத் தேடி வந்துவிட்டது. அப்பா தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். அவர் அழுதது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் திரும்பிப் போகும் கதையை எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். குளிர்காலத்தில் அவர் உன்னிடம் வந்து இருக்கட்டும், நானும் விடுமுறை கிடைக்கும்போது வருகிறேன், ஆனால் இந்த வீடு இப்படியே இருக்கும் என்று முடிவுசெய்திருக்கிறோம். அவரும் இப்போது ஞாயிறு மாலையில் அந்தத் துப்பறியும் நாடகத்தை என்னோடு இருந்து பார்க்கிறார். பார்ப்பது கதைக்காக இல்லை. நீயும் அதையே பார்க்கிறாய் என்பதற்காக. கொலைகாரன் யார் என்று உன்னிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை. அவர் சொல்வது ஒருநாளும் சரியாக வருவதில்லை.

இப்போது ஜெசிந்தாவைப் பற்றி. அந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பிள்ளை என்றும், வெள்ளத்தில் உனக்குச் சாப்பாடு தந்தவள் என்றும் நீ சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது. சாப்பாட்டைப் பற்றி யாரும் அவ்வளவு நேரம் கதைப்பதில்லை. கலியாணம் சேர்ச்சில் என்றதும் அப்பா ஒரு நிமிடம் யோசித்தார். “அங்கயும் தாலிதானே கட்டுறது?” என்று கேட்டார். ஓம் என்றாய். “அப்ப என்ன” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தார். அவ்வளவுதான் நடந்தது.

உனக்கு நான் சொல்ல நினைப்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நீ எங்கள் வீட்டு வழியாக இங்கே வரும்போது அவளைத் தனியே அந்த அறையில் விட்டுவிட்டு வராதே. பக்கத்தில் இருத்திக்கொள். நான் கலியாணம் முடித்து இந்த நாட்டுக்கு வந்த புதிதில், இங்கே பேசும் டொச்சில் ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது. உன் அப்பா மாலையில் என்னைப் பக்கத்தில் இருத்திச் செய்தியைத் தமிழில் சொல்லுவார். ஒரு மந்திரி மேசையைத் தட்டிப் பேசுவார். அப்பா, “நாளைக்குக் குளிர் கூடுமாம், கையுறை போடட்டாம்” என்பார். இன்னொருத்தி கண்கலங்கிப் பேசுவாள். “உருளைக்கிழங்கு விலை ஏறிப்போச்சாம்” என்பார். நானும் அப்படியே நம்பிக் கையுறை போட்டுக்கொண்டு போவேன். நான் மொழி படித்த பிறகுதான் தெரிந்தது, அவருக்கும் அப்போது பாதிக்கு மேல் விளங்காது, எல்லாம் தானாகக் கட்டிச் சொன்னது என்று. கேட்டபோது, “நீர் பேசாம இருந்து யோசிச்சா அழுவீர் எண்டு தெரியும், அதுதான்” என்றார். அந்தப் பொய்ச் செய்திகளில்தான் நான் இந்த நாட்டில் வேர் விட்டேன். உனக்கு மொழி தெரியும். நீ உண்மையாகவே சொல்லிக் கொடுக்கலாம். அவள் அலுத்துப்போய் எழும்பினால் நீயும் நிறுத்திவிட்டு எழும்பிப் போ. நாடகம் எங்கும் ஓடிவிடாது. அவள் தன் ஊரைப் பற்றிச் சொல்லும்போது, உன் அப்பாவிடம் கேட்ட கதைகளை வைத்துக்கொண்டு உனக்கும் தெரியும் என்று சொல்லாதே. அவளுடைய ஊரை அவளிடம் கேள். நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது எதை எங்கட என்று சொல்லுகிறதோ அதுதான் அதனுடையது. உன் அப்பா அன்று தொலைபேசியோடு நின்ற மாதிரி நீயும் ஒருநாள் நிற்க வேண்டி வரலாம். அப்போது அவர் செய்ததையே செய். என்ன செய்ய வேணும் எண்டு சொல்லு என்று கேள்.

போன கிழமை ஜெசிந்தா எனக்கு அழைத்தாள். நீ வேலையில் இருந்த நேரம். உனக்குச் சொல்லவில்லை என்றாள். சேலை நிறம், சாப்பாடு, வருகிற ஆட்கள் என்று எல்லாம் கதைத்துவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

“மாமி, ஒண்டு கேக்கட்டோ? உங்கட பக்கத்தில கிளை மாமா எண்டு ஆரும் இருக்கினமோ?”

“கிளை மாமாவோ? அப்பிடி ஒருத்தரும் இல்லையே பிள்ளை. ஏன்?”

“வெள்ளம் வந்த அண்டைக்கு இவர் வாங்கில நித்திரையாப் போனவரெல்லோ. நான் போர்வை போடப் போனனான். அப்ப நித்திரையில ‘கிளை மாமா, கிளை மாமா’ எண்டு ரெண்டு மூண்டு தரம் சொன்னவர். ஆரோ செத்துப்போன மாமாவாக்கும் எண்டு நினைச்சு நான் இவ்வளவு நாளும் கேக்கேல்லை. கலியாணத்துக்கு அவற்ர பேரில ஒரு பூசை சொல்லுவமோ எண்டு…”

நீ கிண்டர்கார்டன் போகத் தொடங்கிய காலத்தில் அங்கேயிருந்து கொண்டுவந்த பேச்சு அது. என்னை எந்த நேரமும் அம்மா என்று கூப்பிடுகிறவன், கார்ட்டூனுக்கு முன்னால் இருக்கும்போது மட்டும், சாப்பிட வா என்று நான் கூப்பிட்டால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சொல்வது போலச் சொல்லுவாய்: க்லை, மாமா. அதை மறந்துவிட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். நானும் மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

“மாமா இல்லைப் பிள்ளை” என்று அவளுக்குச் சொன்னேன். “அது டொச். இந்தா வாறன் அம்மா எண்டு அர்த்தம்.”

அவள் அந்தப் பக்கத்தில் அதை மெல்லத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டு, நீ அங்கே வாங்கில் கிடந்தபோது நான் எந்த அறையிலிருந்து கூப்பிட்டிருப்பேன், உனக்கு என்ன சமைத்து வைத்திருந்திருப்பேன் என்று கனநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவசரமில்லை, ராசா. ஆறுதலாக வா.

அம்மா